கண்ணாடியில் எழுதிய நேரம்

வெரோனிகா மாஸ்டரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் தங்கள் வண்டியைத்தான் குறை சொல்வார்கள். சென்னியப்பனும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்து சேர்ந்தார்.

உடுமலைக்கு அப்பால், விமானம் இறங்கி எத்தனையோ வருஷமான ஓர் ஓடுதளம். அதில் கால் மைல் தூரத்தை அளந்து, இந்தக் கோடியில் ஒரு விளக்குக் கம்பமும் அந்தக் கோடியில் நேரம் காட்டும் பலகையும் நட்டிருந்தார்கள். வளைவு கிடையாது, மேடு கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்தக் கால் மைலை எத்தனை செகண்டில் கடக்கிறோம் என்பதுதான் மொத்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பாடம் நடக்கும்.

ஊர் ஊராகப் போய்ப் பந்தயத்தில் ஜெயித்து, ஒரு நாள் போதும் என்று கோப்பைகளைப் பரணில் ஏற்றிவிட்டு வந்தவர் வெரோனிகா. வயது முப்பத்தைந்து இருக்கும். அப்பா வயதுக்காரர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தொழில். கயிறும் மெத்தையும் ஒழுங்காகக் கப்பலேறிக்கொண்டிருந்தன, மகளுக்குக் கல்யாணம் முடிந்தது, மனுஷனுக்கு ஓர் ஆசை மட்டும் மிச்சமிருந்தது. சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். கம்பெனியிலிருந்து வந்தபடியே வைத்திருந்தார், ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. மாற்றாத வண்டிகளுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது.

"பதினாலு செகண்டுன்னு சொல்லி வித்தானுங்க மாஸ்டர்," என்றார் முதல் நாள். "எனக்குப் பதினஞ்சரைக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. வண்டியில என்னமோ கோளாறு."

மாஸ்டர் கையை நீட்டினார். "சாவி குடுங்ணா."

சென்னியப்பன் இறங்கி ஓரமாக நின்றார். மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டார், ஏசியை அணைத்தார், பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார். டயர் கத்தவில்லை, புகை வரவில்லை. வண்டி போன மாதிரியே தெரியவில்லை, ஆனால் போய்விட்டிருந்தது. அந்தக் கோடியில் பலகையில் விளக்கு எரிந்தது. மேலே வண்டி நம்பர், கீழே பதினாலு. ஓட்டியவர் பெயர் போட அந்தப் பலகையில் வசதி இல்லை.

மாஸ்டர் திரும்பி வந்து சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வண்டியில கோளாறு இல்லீங்ணா."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன் வண்டியின் நம்பருக்குக் கீழே பதினாலு எரிவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். சிநேகிதர் காளிங்கராயனுக்கு அனுப்பினார். 'பாத்தியா, நம்ம வண்டி' என்று கூடவே எழுதினார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் காளிங்கராயன் கூப்பிட்டுவிட்டார்.

"மாப்ளே, கலக்கிட்டே போ. இந்த வயசுல பதினாலா?"

நான் இல்லை காளி, மாஸ்டர் ஓட்டினது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது சென்னியப்பனின் தொண்டை வரைக்கும் வந்து, அங்கே சற்று நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"ஏதோ ஓடுச்சு," என்றார்.

காளிங்கராயன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அந்த வாரமே பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரு பிளெக்ஸ் எழும்பியது. மகள் கல்யாணத்தில் எடுத்த சென்னியப்பனின் படம், அதற்குக் கம்ப்யூட்டரில் மாட்டிய கூலிங் கிளாஸ், பக்கத்தில் பாயும் சிறுத்தை ஒன்று. 'கால் மைல் நாயகன்' என்று மேலே, '14 செகண்ட்' என்று கீழே, வாழ்த்தும் நண்பர்கள் பன்னிரண்டு பேரின் தலைகள் ஓரத்தில் வரிசையாக. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை தோளில் விழுந்த பிறகு ஒரு மனுஷன் என்னத்தைச் சொல்வது? சென்னியப்பன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ருக்மணிதான் அவருக்குப் பெரிய சங்கடம். கார் வாங்கிய அன்று, பேரன் எடுக்கிற வயசில் பொம்மைக் கார் கேக்குதா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்த பெண்டாட்டி அவள். இப்போது தாராபுரத்து அண்ணனுக்குப் போன் போட்டு, உங்க மாப்பிள்ளை சாதாரணப்பட்ட ஆளில்லை என்று அவளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அடுத்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

குடோனுக்குப் போகும் வழியில்தான் பிளெக்ஸ் இருந்தது. அவர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

சுற்றிப் போகிற நேரத்தில் ஒரு கணக்குப் போட்டார். தானே ஒரே ஒரு தடவை பதினாலு ஓட்டிவிட்டால் போதும். அப்புறம் பிளெக்ஸும் நிஜம், பொன்னாடையும் நிஜம். தேதி மட்டும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதை யார் கேட்கப்போகிறார்கள்?

மாஸ்டர் அந்தப் பிளெக்ஸைப் பார்த்திருப்பாரோ என்ற பயமும் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர் பல்லடம் வழியாகத்தான் வருவார் என்று தனக்குத் தானே ஒரு வழியைப் போட்டு வைத்துக்கொண்டார். எந்த வழி என்று கேட்க மட்டும் துணியவில்லை.

ஞாயிறு காலை மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"மாஸ்டர், வண்டியைத் தொடக் கூடாது. ஆனா ஒண்ணரை செகண்டு குறைக்கோணும். வழி சொல்லுங்க."

"பதினஞ்சரை நல்ல நேரந்தானுங்ணா. என்ன அவசரம்?"

"ஒரு ஆசைதானுங்க."

மாஸ்டர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் ஜீப்புக்குப் போய்ச் சின்ன புட்டி ஒன்றை எடுத்து வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கான்வாஸ் ஷூவுக்குப் போடுகிற வெள்ளை பாலிஷ்.

"இப்ப ஓடப்போற ஓட்டத்துல என்ன நேரம் வரும்னு நினைக்கறீங்களோ, அதை முன் கண்ணாடியில எழுதுங்க. எழுதிட்டு ஓட்டுங்க."

அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்தத் திடலில் நடக்கிற போட்டியில் ஒவ்வொருவரும் தன் நேரத்தைத் தானே கண்ணாடியில் எழுதிக்கொண்டுதான் கிளம்பும் கோட்டுக்கு வர வேண்டும். சென்னியப்பன் புட்டியைத் திறந்து, ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிதாக 14 என்று எழுதினார்.

பச்சை விழுந்ததும் மிதித்தார். டயர் வீறிட்டது, பின்னால் புகை எழுந்தது, வேலி ஓரத்தில் நின்ற நாலு பேர் விசில் அடித்தார்கள். பலகையில் பதினஞ்சரைக்கும் மேலே வந்தது.

"டயர் புகைக்கு ஜனம் கை தட்டுமுங்ணா," என்றார் மாஸ்டர். "கடிகாரம் தட்டாது. அழிங்க."

சென்னியப்பன் அழித்தார்.

"எழுதுங்க."

மறுபடி 14 எழுதினார். மறுபடி புகை.

"அழிங்க."

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும். மற்றவர்களுக்கு மாஸ்டர் கிளட்சை விடுவது எப்படி, கியர் மாற்றுவது எப்போது, பின் டயரில் எவ்வளவு காற்று குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இவருக்கு மட்டும் பாலிஷ் புட்டி. ஒரு நாள் சென்னியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் ஓட்டக் கத்துக்க வந்தேனுங்க. நீங்க எழுதச் சொல்லித் தர்றீங்க."

"எழுதினதும் ஓடினதும் ஒருக்கா ஒண்ணா வரட்டும். அடுத்த பாடம் அப்புறம்."

"அது எப்ப வர்றதுங்க?"

"அதுக்கு ரெண்டு வழி இருக்குதுங்ணா. ஒண்ணு லேசு, ஒண்ணு கஷ்டம்."

"எது லேசுங்க?"

"உங்களுக்கு எது லேசுன்னு எனக்குத் தெரியலீங்ணா," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த வண்டியிடம் போய்விட்டார்.

சென்னியப்பனுக்குப் புரியாமல் இல்லை. பதினஞ்சரை என்று எழுதிவிட்டு ஓட்டினால் அன்றைக்கே பாடம் முடிந்துவிடும். ஒரு நாள் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தார். திடலில் ஆள் இல்லை. சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று புட்டியைத் திறந்து 1 போட்டார். 5-க்காக மேலிருந்து கோடு இழுக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. புதிதாகச் சேர்ந்த திருப்பூர்க்காரர் ஒருவர் கைப்பேசியோடு வந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, பொள்ளாச்சி பதினாலு செகண்டு அண்ணா நீங்கதானே? வண்டியோட ஒரு போட்டோ."

கை அதுவாகவே கோட்டை வளைத்து 4 ஆக்கிவிட்டது. போட்டோவுக்குச் சிரித்தார். அந்த மனுஷர் போன பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெட்கமாக இருந்தது. நிஜத்தைச் சொல்ல ஆளில்லாத இடம் கிடைத்தும் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நேரம் குறையவும் இல்லை. குறைக்கப் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் போட்டி வந்தது. ஜோடி ஜோடியாக ஓட வேண்டும். விதி எளிமையானது. யார் கண்ணாடியில் அதிக நேரம் எழுதியிருக்கிறார்களோ, அதாவது யார் மெதுவானவரோ, அவருக்குப் பச்சை முன்னால் விழும். மற்றவர் வித்தியாசத்துக்கு உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். யார் முதலில் முடிவுக் கோட்டைக் கடக்கிறார்களோ அவருக்கு வெற்றி. ஆனால் தான் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டி எழுதி ஏமாற்றுகிறவர்களுக்காக வைத்த விதி அது.

சென்னியப்பன் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தார். இடுப்பு வலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். காளிங்கராயன் விடவில்லை. வேன் பிடித்தார், சிநேகிதர்களை ஏற்றினார், திருப்பூரில் சொல்லிப் பனியன் அடித்திருந்தார். நெஞ்சில் சென்னியப்பனின் முகம், முதுகில் 14. ருக்மணி பட்டுச் சேலையில் வந்தாள். தாராபுரத்து அண்ணனும் வந்திருந்தார். அவர்கள் எல்லோரும் கிளம்பும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வேலி ஓரமாக இடம் பிடித்து, குடை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

சென்னியப்பனுக்கு ஜோடியாக வந்தவர் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி. நீல வண்டி. கண்ணாடியில் 14.8 என்று எழுதியிருந்தார். சென்னியப்பனின் கண்ணாடியில் வழக்கம்போல 14.

அவர்கள் முறை வரும் நேரத்தில் முன்னால் ஓடிய ஒரு வண்டி எண்ணெய் சிந்திவிட்டது. ஆட்கள் மரத்தூள் கொட்டித் துடைக்க ஆரம்பித்தார்கள். வண்டிகள் வரிசையில் நின்றன. கிளம்பும் கோட்டுக்கு அன்று பொறுப்பு வெரோனிகா மாஸ்டர். ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், சிவப்பு வண்டியின் ஜன்னலில் குனிந்தார்.

"இதையே வச்சுக்கறீங்களாண்ணா?"

"வேற என்னங்க பண்றது? அத்தனை பேரும் வந்து உக்காந்திருக்காங்க."

"எதைப் பாக்க வந்திருக்காங்க?"

"பதினாலைப் பாக்கத்தானுங்க."

"அவ்வளவுதானா? நான் வேணா இன்னொருக்கா ஓட்டிக் காட்டறேன்."

சென்னியப்பனின் கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"வாராவாரம் பொள்ளாச்சி வழியாத்தானே வர்றேன்," என்றார் மாஸ்டர். "பஸ் ஸ்டாண்டு முக்குல எப்பவும் நெருக்கடி. நிதானமாப் பாத்துட்டுத்தான் வருவேன். சிறுத்தை நல்லா வந்திருக்குது."

பாலிஷ் புட்டியைக் கொடுத்த ஞாயிறிலிருந்தே இந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு வாரமும் வணக்கம் சொல்லியிருக்கிறார், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை நினைத்ததும் சென்னியப்பனுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஏசி ஓடாத வண்டிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தெரிஞ்சும் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேக்காம என்னங்ணா. வாராவாரம் பாலிஷைக் கையில குடுத்துட்டு நின்னேனே."

மரத்தூள் கூட்டும் சத்தம் கேட்டது. வேலிப் பக்கம் காளிங்கராயன், மாப்ளே விட்றாதே என்று கத்தினார்.

"அந்தப் பிளெக்ஸை இனி என்னங்க பண்றது?" என்றார் சென்னியப்பன் கடைசியில்.

"நம்பர் சரியாத்தான் இருக்குது. படத்தை மட்டும் மாத்திருங்க."

வேறு சமயமாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். இப்போது கண் கலங்கியது. மாஸ்டர் பாலிஷ் புட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். துணி எதுவும் கொடுக்கவில்லை.

சென்னியப்பன் கதவைத் திறந்து இறங்கினார். கண்ணாடியில் எழுதுவதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினால் வேலிப் பக்கம் முழுவதுக்கும் தெரிந்துதான் தீரும். துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பக்கத்து சீட்டில் காளிங்கராயன் கொடுத்த உபரிப் பனியன் ஒன்று கிடந்தது. அதை எடுத்து 14-ஐத் துடைத்தார். காய்ந்த பாலிஷ் லேசில் போகவில்லை. எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தார். துடைத்து முடித்தபோது பனியனில் இருந்த அவர் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

பிறகு 15.5 என்று எழுதினார். 5 இரண்டும் கோணலாக வந்தன.

வேலிப் பக்கம் விசில் நின்றது. காளிங்கராயன் எழுந்து ஓடி வந்தார்.

"மாப்ளே, தப்பா எழுதிட்டே. பதினஞ்சரைன்னு இருக்குது பாரு."

"தப்பில்லை காளி."

"பின்னே?"

"என் நேரம் இதுதான். பதினாலு நான் ஓட்டினதில்லை, மாஸ்டர் ஓட்டினது. நீ போன் பண்ணுன அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லலை."

காளிங்கராயன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அங்கே சென்னியப்பன் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாராபுரத்து அண்ணன் வானத்தில் எதையோ தேடினார். யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார், அதை இன்னொருவர் அடக்கினார். அந்தச் சிரிப்பைவிட அடக்கியதுதான் சென்னியப்பனுக்கு அதிகம் வலித்தது.

ருக்மணி குடையை மடக்கிக்கொண்டு வேலி வரைக்கும் வந்தாள். கண்ணாடியில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். புருஷன் கையில் இருந்த பனியனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"இதுக்குத்தான் இத்தனை நாளாச் சாப்பிடாம எந்திரிச்சு எந்திரிச்சுப் போனீங்களா?" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்கண்ணங்கிட்ட நான் பெருமையாச் சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது இப்ப?"

ருக்மணி இன்னும் ஏதோ கேட்க வந்தவள், அவர் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குடையை மறுபடி விரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எழுந்து வேனுக்குப் போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

ஓடுதளம் துடைத்து முடிந்தது. கோட்டுக்கு வரச் சொல்லிக் கொடி அசைந்தது. சென்னியப்பன் வண்டிக்குள் உட்கார்ந்தார், சாவியில் கை வைத்தார், எடுத்துவிட்டார்.

"மாஸ்டர், என்னால ஆகாதுங்க. அசிங்கமா இருக்குது. அத்தனை கண்ணும் எம் மேலதான். நான் ஓரமாப் போயிர்றேன்."

மாஸ்டர் பக்கத்துக் கோட்டில் நின்ற நீல வண்டியைக் காட்டினார்.

"அவர் பதினாலே முக்காலுக்கு மேல எழுதியிருக்கறாரு. நீங்க பதினாலுன்னே வச்சிருந்தீங்கன்னா அவர் போறதை உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்திருக்கோணும்."

"ஆமாங்க."

"இப்பப் பச்சை உங்களுக்குத்தானுங்ணா முதல்ல விழும். அதை மட்டும் பாருங்க."

அவர் அதை மட்டும் பார்த்தார். வேறு எங்கே பார்க்கவும் முகம் இல்லை. கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே இறங்கின. அவர் பக்கத்துப் பச்சை எரிந்தது, பக்கத்துக் கோட்டில் இன்னும் எரியவில்லை. காலை மெல்ல அழுத்தினார். பெரிதாக மிதிக்க மனசில் தெம்பு இல்லை. யாருக்கும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை, காட்ட வேண்டிய எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். டயர் கத்தவில்லை. புகை வரவில்லை. வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. இரண்டாவது கியர் எப்போது விழுந்தது என்று அவருக்கே நினைவில்லை. நீல வண்டியின் சத்தம் பின்னால்தான் கேட்டது, கடைசி வரைக்கும் பின்னால்தான் கேட்டது.

கோட்டைத் தாண்டி, வேகம் தணித்து, பக்கவாட்டுப் பாதையில் திருப்பும்போது பலகையைப் பார்த்தார். அவர் நம்பருக்குக் கீழே 14.9 எரிந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு. எழுதியதைவிட வேகம், ஆகவே தோல்வி. ஈரோட்டுக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

வேலிப் பக்கம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன்னால் வந்தவன் எப்படித் தோற்பான் என்று காளிங்கராயன் யாரிடமோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமலே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் நடந்து வந்தார்.

"தோத்துட்டனுங்க."

"ஆமாங்ணா."

"இன்னிக்காவது நிஜத்தை எழுதோணும்னுதான் எழுதினேன். அதுவும் பொய்யாப் போச்சு. அத்தனை பேர் முன்னாடி அவமானப்பட்டு எழுதியும், என் நேரம் எனக்கே தெரியலை பாருங்க."

மாஸ்டர் பையிலிருந்து பாலிஷ் புட்டியை எடுத்து நீட்டினார்.

"கண்ணாடியில இருக்கறதை அழிங்க. பலகையில இருக்கறதை எழுதுங்க."

சென்னியப்பன் புட்டியை வாங்கவில்லை. தூரத்தில் குடைக்குக் கீழே ருக்மணி இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்தயம் முடிஞ்சுபோச்சு. பாக்க வந்தவங்க கிளம்பப்போறாங்க. இனி எழுதி என்னங்க ஆகப்போகுது?"

மாஸ்டர் புட்டியின் மூடியைத் திறந்து அவர் கையில் வைத்தார்.

"அதை ஓட்டினது நீங்கதானுங்ணா."